கண்மாய் வண்டலும் பத்து பாட்டில்களும்

ஜூன் 8, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே கண்மாய்க்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் பின்னாலேயே ஊருணி இருக்கிறது. ஆனால் அது குடிக்கிற ஊருணி. "ஊரே குடிக்கிற தண்ணித்தா, அதுல போயி சேத்தைக் கிண்டாதே" என்று அப்பத்தா நேற்று இரவே சொல்லிவிட்டார்.

கண்மாய் பாதி வற்றிக் கிடக்கிறது. ஓரத்து வண்டல் பாளம் பாளமாக வெடித்திருக்க, ஒரு முழம் தோண்டியதும் கன்னங்கரேலென்று சேறு, அழுகிய முட்டை நாற்றம். குழாயை உள்ளே அழுத்தினால் புளுக் புளுக்கென்று குமிழ் வந்தது. அந்தக் கறுப்புதான் எனக்கு வேண்டும். ஆக்சிஜன் எட்டாத இடம் அது.

நான் தேடுவது அசிட்டோஜென் என்கிற பாக்டீரியா வகை. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் தின்று அசிட்டிக் அமிலம், அதாவது நம் வினிகரின் புளிப்பு, செய்கிற உயிர். இவ்வகையில் முதன்முதலில் தனியே பிரித்தெடுக்கப்பட்ட கிளாஸ்ட்ரிடியம் அசிட்டிகம், 1936இல் நெதர்லாந்தில் வீரிங்கா என்பவருக்கு வாய்க்கால் சேற்றில் கிடைத்தது. 1942இல் இன்னொன்று குதிரைச் சாணத்தில். இன்று ஆலைகளில் எத்தனால் செய்கிற ஆட்டோஎத்தனோஜெனம் முயல் புழுக்கையிலிருந்து வந்தது. வாய்க்காலும் சாணமும் புழுக்கையும் இல்லாத ஊர் ஏது? நம் மண்ணிலிருந்து ஒன்றை எடுத்து வளர்த்துவிட வேண்டும் என்பதுதான் மூன்று வருடமாக என் ஆசை.

ஜூன் 11, புதன்

ஆய்வகத்தில் பத்து பாட்டில் போட்டேன். பாக்டீரியா வளரும் ஊடகத்தைக் கொதிக்க வைத்து, நைட்ரஜனை ஊதிக்கொண்டே ஆற வைத்து, மிச்ச ஆக்சிஜனைப் போக்கும் சிஸ்டீன் சேர்க்க வேண்டும். அதில் ரெசசூரின் என்ற சாயம் ஒரு துளி. ஆக்சிஜன் இருந்தால் இளஞ்சிவப்பு, போனால் நிறமே இராது. அந்தச் சிவப்பு மெல்ல வெளிறி மறைவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

சேற்றை 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினேன். சூட்டில் மற்றவை சாகும், விதைபோல் உறங்கும் ஸ்போர்கள் பிழைக்கும். எல்லா அசிட்டோஜெனும் ஸ்போர் ஆகாது, சிலவற்றை இதில் இழப்பேன். ஆனால் மீத்தேன் செய்யும் கூட்டத்தை ஒழிக்க இது நல்ல வழி. அவையும் இதே ஹைட்ரஜனைத்தான் தின்கின்றன. அசிட்டோஜெனுக்கு வேண்டியதைவிடக் குறைந்த அளவு இருந்தாலே போதும் அவற்றுக்கு. அவற்றை அடக்க புரோமோ எத்தேன் சல்ஃபோனேட்டும் சேர்த்தேன். ஏழு பாட்டிலில் ஹைட்ரஜன் 80, கரியமில வாயு 20. மீதி மூன்றில் ஹைட்ரஜனுக்குப் பதில் நைட்ரஜன்.

ஜூன் 14, சனி

மூன்று பாட்டில் சிவந்துவிட்டது. அடைப்பு ரப்பர் பழசு, இறுகிப்போய் ஊசி குத்திய இடம் மூடவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திரவத்தின் மேல்மட்டத்தில் மெல்லிய ரோஜா வளையம், கீழே இன்னும் தெளிவு. காற்று மேலிருந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ரப்பரைச் சோதிக்காமல் விட்டது என் தப்பு. புது ரப்பர் போட்டு மூன்றையும் மறுபடி ஆரம்பித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் பிற்காலத்தில் வைத்த மாமரக் கதவைக் கரையான் அரித்திருக்கிறது. பக்கத்திலேயே நிற்கிற பர்மா தேக்குத் தூணில் ஒரு கீறல் இல்லை. அப்பச்சி மருந்து வாங்கப் போனார்; நான் பத்து கரையானைச் சிமிழில் பிடித்துக்கொண்டேன்.

மரம் தின்னும் கரையானின் குடலில் அசிட்டோஜென்கள் உண்டு. மரம் செரிக்கும்போது வரும் ஹைட்ரஜனை அவை அசிட்டேட்டாக்க (அசிட்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்), கரையான் அதையே உணவாக்கிக்கொள்கிறது. சில இனங்களில் கரையானுக்கு வேண்டிய அசிட்டேட்டில் மூன்றில் ஒரு பங்குவரை இப்படி வருகிறது. இந்தப் பூச்சியின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

"பாட்டிலுக்குள்ள இருக்கிற அந்தப் பூச்சிக்கு அதுல என்னத்தா லாபம்?" என்று அப்பத்தா கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட சரியான கேள்வி. ஐயாவின் ஐந்தொகைக் கணக்கு வைத்தே சொன்னேன். உயிர்களுக்குள் ஆற்றலுக்கான நாணயம் ஏடிபி. ஒரு அசிட்டிக் அமிலம் செய்ய ஏடிபி செலவு ஒன்று, வரவும் ஒன்று. கையில் மிச்சம் பூஜ்யம். பிறகு எப்படிப் பிழைக்கிறது? வேலை நடக்கும்போதே சோடியம் அல்லது புரோட்டானைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அது உள்ளே திரும்பும்போது ஒரு ஏடிபியில் ஒரு துண்டு கிடைக்கும். அந்தச் சில்லறையில்தான் குடித்தனம். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாவம், கெட்டிக்காரப் பூச்சி" என்றார்.

ஜூன் 28, சனி

மானாமதுரை போகும் வழியில் சீமைக் கருவேலக் கரி மூட்டம். மண் பூசிய மேட்டிலிருந்து புகை. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் இருக்கின்றன, இரண்டும் இந்த உயிர்களுக்குச் சாப்பாடு. மூட்டப் புகையை அப்படியே ஊட்ட முடியாது. தார் கொன்றுவிடும், காற்றும் கலந்திருக்கும். கருவேலத்தை முறையாக வாயுவாக்கிச் சுத்தம் செய்தால் முடியும்.

கனவு இல்லை இது. 2018இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் இரும்பாலைக் கழிவு வாயுவிலிருந்து எத்தனால் செய்யும் ஆலை ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் பானிபட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு வாயுவுக்கும் அதே வழிதான். பெரிய சிக்கல் கரைவதில். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஹைட்ரஜன் 2 மில்லிகிராம்கூடக் கரையாது. பாக்டீரியா பசியோடு காத்திருக்க, சாப்பாடு குமிழாக மேலே ஓடிவிடும். குமிழை எவ்வளவு நுண்ணியதாக்குகிறோம் என்பதில்தான் ஆலையின் பிழைப்பே இருக்கிறது.

ஜூலை 5, சனி

நான்காம் பாட்டிலில் சிரிஞ்சைக் குத்தினேன். முதல் நாள் வாயு பிஸ்டனை வெளியே தள்ளியது. இன்று பிஸ்டன் தானாக உள்ளே போனது! ஆறாம் பாட்டிலிலும் அப்படியே. உள்ளே யாரோ வாயுவைத் தின்றிருக்கிறார்கள். கை நடுங்கி, சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

திரவத்தில் கரைந்தவற்றைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியின் முடிவு வந்தது. நான்கிலும் ஆறிலும் அசிட்டேட் மேடு ஓங்கி நிற்கிறது. ஹைட்ரஜன் இல்லாத மூன்று பாட்டில்களிலும் சின்ன மேடுதான். அது சேற்றின் சொந்த மட்கிலிருந்து வந்திருக்கும். மீத்தேன் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கொப்புடையம்மன் கோவிலுக்கு வீட்டில் எல்லோரும் போயிருக்கிறார்கள். நான் ஆய்வகத்தில் பாட்டில் திரவத்தைப் புது ஊடகத்துக்கு இரண்டாம் முறை மாற்றி ஊற்றினேன். இன்னும் கலப்புதான், தனியாகப் பிரிக்கப் பல வாரம் ஆகும்.

வீரிங்காவின் பாக்டீரியா பின்னாளில் தொலைந்துபோய்விட்டது. அவர் கலிபோர்னியாவில் பார்க்கர் என்ற நுண்ணுயிரியலாளருக்குக் கொடுத்திருந்த ஸ்போர் குழாய் ஒன்று மிஞ்சியிருந்தது. பல பத்தாண்டு கழித்து அதிலிருந்து மறுபடி உயிர்ப்பித்தார்கள். நானும் நான்காம் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, சுத்தம் செய்த மண்ணில் கலந்து, உலர வைத்துக் குழாயில் அடைத்தேன். மேலே கண்மாய் பெயரும் தேதியும் எழுதினேன். ஒன்று ஆய்வகத்தில். இன்னொன்று வீட்டில், ஐயாவின் பேரேடுகள் இருக்கிற தேக்கு அலமாரியில்.