நிழல் ஏறும் பாறை

யோசெமிட்டி பள்ளத்தாக்கின் தரையில் நின்றால் சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது. மேற்கே மலை மறித்துக்கொள்கிறது. டிசம்பர் கடைசியில் பல இடங்களில் மூன்று மணிக்கெல்லாம் வெயில் போய்விடுகிறது. தென்புறச் சுவரின் அடிவாரத்திலோ குளிர்காலம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காத இடங்கள்கூட உண்டு. கீழே நாம் விறைத்துக்கொண்டிருக்க, தலைக்கு மேலே வெகு உயரத்தில் பாறை மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வெயில் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் தணல் நிறம் கொண்டு அணைகிற அரை மணி நேரத்துக்காகத்தான் நானும் தம்பியும் கலிஃபோர்னியாவின் இந்த மலைக்கு வந்தோம்.

புகைப்படக்காரர்கள் இங்கே பெருங்கூட்டமாக வருவது பிப்ரவரியில். எல் கேப்பிட்டன் என்ற பெரும் பாறைச்சுவரின் கிழக்கு ஓரத்தில் விழும் ஹார்ஸ்டெயில் அருவியின் மீது அந்த மாதத்தின் பிற்பகுதியில் மாலை வெயில் பட்டு, நெருப்பே ஒழுகுவதுபோல் தெரியும். புகைப்படக்காரர் கேலன் ரோவெல் 1973இல் எடுத்த வண்ணப் படம் அதைப் புகழ்பெறச் செய்தது. அருவியில் தண்ணீர் இருக்க வேண்டும், மேற்கில் மேகம் இருக்கக் கூடாது, எல்லாம் கூடிவந்தாலும் சில நிமிடங்கள்தான். எனக்கு அருவியைவிடப் பாறையின் மீதுதான் ஆசை. அதற்கு டிசம்பரே போதும்.

முதல் மாலை டனல் வியூ என்ற காட்சிமுனையில். 1933இல் திறந்த வவோனா சுரங்கப்பாதையின் இருட்டை விட்டுக் கார் வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே வீச்சில் விரிகிறது. இடப்புறம் எல் கேப்பிட்டன், வலப்புறம் பிரைடல்வெயில் அருவி, நடுவில் 13 கிலோமீட்டர் தள்ளி, பாதி வெட்டுண்ட குவிமாடம்போன்ற ஹாஃப் டோம் பாறை. முந்தைய இரவு பெய்த பனி, பைன் மரங்களின் கிளைகளைத் தாழ்த்தி வைத்திருந்தது. புயல் ஓய்ந்த மறுநாள் காற்றில் தூசியே இருக்காது. தொலைவில் இருக்கும் பாறையின் வெடிப்பைக்கூட எண்ணிவிடலாம்போல் இருந்தது.

ட்ரைபாடின் கால்களைப் பனியில் அழுத்தி நிறுத்திவிட்டு, நான் அடிக்கடி திரும்பி மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி தோளைத் தொட்டான். “அண்ணா, அங்கே எதற்குப் பார்க்கிறீர்கள்? நிழலைப் பாருங்கள்.”

பார்த்தேன். பள்ளத்தாக்கின் அடியில் நீலமாகத் தேங்கிக் கிடந்த நிழல், கிணற்றில் நீர் ஊறுவதுபோல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதலில் மரங்கள் மூழ்கின. பிறகு எல் கேப்பிட்டனின் இடுப்பு, மார்பு. அதன் உச்சி 2,308 மீட்டர் உயரம். அது அணைந்த பிறகும் 2,694 மீட்டர் உயரமுள்ள ஹாஃப் டோம் எரிந்துகொண்டிருந்தது. அதுவும் மங்கியபோது, பின்னால் 3,025 மீட்டரில் நிற்கும் கிளவுட்ஸ் ரெஸ்ட் முகட்டின் பனி மட்டும் ஒரு கீற்றாகச் சிவந்து நின்றது. உயரத்தின் வரிசைப்படி ஒவ்வொரு விளக்காக யாரோ அணைத்துக்கொண்டே போனதுபோல் இருந்தது. அதுவரை மலைகளின் உயரங்கள் எனக்கு வெறும் எண்கள். அன்றுதான் அவற்றைக் கண்ணால் பார்த்தேன்.

இரவு அறைக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. மிகச் சிவந்திருந்த அந்த மூன்று நான்கு நிமிடங்களின் படங்கள் எல்லாவற்றிலும் பாறையைக் காணோம். பாறை இருக்க வேண்டிய இடத்தில் செம்மஞ்சள் பூசிய ஒரு திட்டு. மடிப்பு இல்லை, வெடிப்பு இல்லை. கேமராவில் நான் பார்த்தது வெளிச்சத்தின் மொத்த அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தை. அது நடுவில் அழகாக அமர்ந்திருந்தது. சிவப்புக்கு மட்டும் உள்ள வரைபடத்தைத் திறந்து பார்த்தால், அது வலது ஓரச் சுவரில் போய் முட்டி நின்றது. மாலை வெயிலில் நீலம் வழியிலேயே காற்றில் சிதறிவிடுகிறது, பாறைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சிவப்பு. அது நிரம்பி வழிந்தது மொத்தக் கணக்கில் தெரியவில்லை. வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டதும் தவறு. சிவப்பு மிகுந்துவிட்டதாக எண்ணிக் கேமராவே அதைக் குறைத்துக் காட்ட, திரையில் வெளிறித் தெரிகிறதே என்று நான் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, இன்னும் கூட்டியிருந்தேன். கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்பில் நிறத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். வழிந்துபோன சிவப்பு திரும்பி வராது.

மறுநாள் மதியமே ஒயிட் பேலன்ஸைப் பகல் வெயிலுக்கு மாற்றிப் பூட்டிவிட்டேன். மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமும் திரையில் தெரியும்படி வைத்தேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது போலரைசர் என்ற ஒளி வடிகட்டியால் பெரிய பயன் இல்லை என்பதால் அதைக் கழற்றிப் பையில் போட்டேன். மூன்று மணிக்கு செண்டினல் பாலத்துக்குப் போய்விட்டோம்.

பாலத்தின் கீழே மெர்சிட் ஆறு. கரையோரம் கண்ணாடித் தகடுபோல் உறைந்திருந்தது. அந்தத் தகட்டுக்குள் ஒரு பைன் ஊசி, அதன் இரு பக்கமும் வரிசையாகக் காற்றுக் குமிழிகள். நடு ஆற்றில் தண்ணீர் அசைவதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அதில் ஹாஃப் டோம் தலைகீழாக.

இந்தப் பாறைக்குக் குளிர்கால மாலை ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது அங்கே நின்றபோது விளங்கியது. ஹாஃப் டோமின் வெட்டுண்ட முகப்பு வடமேற்கைப் பார்த்திருக்கிறது. ஜூன் மாதத்தில் சூரியன் வடமேற்கில் சாய்வதால் வெளிச்சம் முகத்தில் நேராக அடித்துப் பாறையைத் தட்டையாக்கிவிடும். டிசம்பரில் சூரியன் நண்பகலிலேயே 29 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, மறைவதோ தென்மேற்கில். அதனால் வெயில் முகப்பைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு விளிம்பும் தன் நிழலைத் தன் பக்கத்திலேயே கிடத்துகிறது.

முகப்பில் மேலிருந்து கீழாக வழியும் கருங்கோடுகள் அந்த வெளிச்சத்தில்தான் துலங்கின. பாறையில் படரும் லைக்கன் என்ற பாசிபோன்ற உயிரி வரைந்த கோடுகள் அவை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான அவானீச்சி மக்கள், கல்லாகிப்போன டிஸ்-ஸ-அக் என்ற பெண்ணின் கண்ணீர்த் தடம் என்கிறார்கள். டெலி லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கதை எனக்குக் கதையாகத் தோன்றவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 4:14க்காகக் காத்திருந்தேன். புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் ஹாஃப் டோமுக்கு மேலே நிலவு நிற்பதைப் படம் பிடித்தது 1960 டிசம்பர் 28, மாலை 4:14 மணிக்கு. தம் படங்களுக்குத் தேதி எழுதிவைப்பதில் அவர் அத்தனை கவனமாக இருந்ததில்லை. நிலவின் இருப்பையும் பாறையில் விழுந்த நிழலையும் வைத்து டெக்சஸ் வானியலாளர்கள் பின்னாளில் நிமிடம் வரை கணக்கிட்டுச் சொன்னார்கள். அன்று எங்களுக்கு நிலவு இல்லை. ஆனாலும் அந்த நிமிடத்தில் கேமராவைத் தொடாமல் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். 14 வயதில் ஒரு சிறிய பெட்டிக் கேமராவோடு 1916இல் முதன்முதலாக இங்கே வந்தவர் அவர். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் அதே பாறையின் எதிரே போய் நிற்கத் தோன்றியிருக்கிறதே!

நான்கரைக்கு நிறம் ஏறத் தொடங்கியது. சிவப்பின் வரைபடம் சுவரைத் தொடும் முன்னே நிற்கும்படி ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்தேன். திரையில் மரங்களும் கரையும் கருத்துவிட்டன. கருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவை அப்போது உண்மையிலேயே இருளில்தான் இருந்தன. இடையில் பேட்டரி உயிரை விட்டது. குளிரில் இது நடக்கும் என்று தெரிந்து, மாற்றுப் பேட்டரியைத் தம்பி தன் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தான். அவன் எடுத்துக் கொடுத்தபோது அது இளஞ்சூடாக இருந்தது. கையுறையைக் கழற்றி மாற்றி முடிப்பதற்குள் நிழல் முகப்பின் பாதியைக் கடந்திருந்தது.

பிறகு நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கவில்லை. நிழல் ஒரு வெடிப்பிலிருந்து அடுத்த வெடிப்புக்கு ஏறும்வரை பொறுத்து, ஒன்று எடுத்தேன். இன்னொரு வெடிப்பு, இன்னொன்று. இருபது நிமிடத்தில் பன்னிரண்டு படங்கள். கடைசிப் படத்தில் உச்சியின் விளிம்பு மட்டும் தணலாக இருக்கிறது. கண்ணீர்த் தடங்கள் நிழலுக்குள் போய்விட்டன.

பாலத்தில் நின்றவர்கள் ட்ரைபாடை மடக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நாங்கள் நின்றோம். ஹாஃப் டோம் சாம்பல் நிறமாகிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதன் பின்னால், கிழக்கு வானத்தின் அடியில் கருநீலப் பட்டை ஒன்று எழுந்தது, அதன் மேல் ரோஜா நிறத்தில் இன்னொன்று. கருநீலம் பூமியின் நிழல், வானத்திலேயே விழுவது. இத்தனை நேரம் பாறையில் ஏறியது மேற்கு மலைகளின் நிழல். இப்போது ஏறுவது இந்த உருண்டையின் நிழல். எட்டு நொடி எக்ஸ்போஷரில் அதையும் எடுத்தேன். ஆற்றுத் தண்ணீரிலும் அந்த இரண்டு பட்டைகளும் தலைகீழாக விழுந்திருந்தன.

கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்று புகாமல் முடிச்சிட்டேன். அறையின் வெதுவெதுப்பில் வியர்வை பையின் மீது அரும்பட்டும், லென்ஸில் வேண்டாம். தம்பி காரை இன்னும் கிளப்பவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ரோஜா நிறம் முழுதாகக் கரையும் வரை அவனும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.