மருமகன் தந்த அமினோ அமில டப்பா

சென்ற மாதம் என் தங்கை மகன், உடற்பயிற்சிக் கூடத்தில் தான் பயன்படுத்தும், புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களின் தூள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, “மாமா, தினமும் தண்ணீரில் கலந்து குடியுங்கள், சர்க்கரை இறங்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். பதினோரு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை விழுங்கிவரும் எனக்கு, யார் எதைக் கொடுத்து ‘இறங்கும்’ என்றாலும் ஒரு சபலம் எழத்தான் செய்கிறது. ஆனாலும் டப்பாவில் அச்சிட்டிருந்த லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் மூடியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அவன் சொன்னது முழுப் பொய்யன்று. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வேலை குளுக்கோஸுக்கு மட்டும் உரியதன்று, அமினோ அமிலங்களுக்கும் உண்டு என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1966-லேயே எழுதியிருக்கிறார்கள். கணையத்தில் இன்னும் எவ்வளவு திறன் எஞ்சியிருக்கிறது என்று அளப்பதற்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிரையில் ஏற்றிப் பார்க்கும் சோதனையும் இந்த அடிப்படையில் அமைந்ததே. ஆனால் அமினோ அமிலங்களில் பல, கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடச் சொல்லும் குளுக்ககான் என்ற ஹார்மோனையும் கூடவே சுரக்கவைக்கின்றன. நலமான உடலில் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் முட்டையோ இறைச்சியோ மட்டும் உண்டவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதில்லை. இன்சுலின் சுரப்பே அற்றுப்போன முதல் வகை நோயாளிகளுக்கோ, புரதம் மிகுந்த உணவை உண்ட சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறவும் கூடும்.

ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் முடிவுகள் கவர்ச்சியாகவே இருக்கின்றன. இஸ்ரேலில் இரண்டாம் வகை நோயாளிகள் 15 பேருக்குக் காலை உணவுக்கு முன் 50 கிராம் வே புரோட்டீன் என்ற பால் புரதத்தைக் கொடுத்துப் பார்த்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக்குப் பிந்தைய மூன்று மணி நேரச் சர்க்கரை ஏற்றம் 28 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது ஒரு காலைப்பொழுதின் கணக்கன்று, மூன்று மாதச் சராசரியின் கணக்கு. அதற்கு விடை நெதர்லாந்திலிருந்து 2011-ல் வந்த ஓர் ஆய்வில் கிடைத்தது. சர்க்கரை நோயுள்ள முதிய ஆண்கள் 60 பேரில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 7.5 கிராம் லியூசினும் மறுபாதியினருக்கு வெறும் போலி மருந்தும் ஆறு மாதம் கொடுத்தும், சராசரிச் சர்க்கரையிலோ தசையின் அளவிலோ இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. டப்பாவைப் பற்றிய என் சபலம் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிட்டது.

மீதியும் அடங்கியது, அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்துவரும் ஃபிராமிங்ஹாம் இதயநோய் ஆய்வைப் படித்தபோது. நலமாக இருந்தவர்களின் இரத்தத்தை எடுத்து வைத்து 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பின்னாளில் சர்க்கரை நோய்க்கு ஆளானவர்களின் இரத்தத்தில் தொடக்கத்திலேயே ஐந்து அமினோ அமிலங்கள் மிகுந்திருந்தன என்று 2011-ல் அறிவித்தார்கள்; அந்த ஐந்தில் மூன்று, என் மேசைமேல் இருந்த டப்பாவின் அதே மூன்று! இவை நோயைக் கொண்டுவருகின்றனவா, அல்லது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது எரிக்கப்படாமல் தேங்கிவிடுகின்றனவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியாயினும், ஏற்கெனவே தேங்கி நிற்கும் குளத்துக்கு நான் ஏன் வாய்க்கால் வெட்ட வேண்டும்?

ஆர்ஜினினைத் தனியாக வாங்கி உண்பவர்களும் இருக்கிறார்கள். மாரடைப்புக்கு ஆளானவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், ஆர்ஜினின் பெற்றவர்களில் ஆறு பேர் இறந்ததாலும் மற்ற பிரிவில் ஒருவரும் இறக்காததாலும் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள் என்பதை அவர்கள் ஒருமுறை படித்துவிட்டு வாங்கலாம்.

இவ்வளவு தேடியதில் எனக்கு வியப்பளித்தது நம் அஞ்சறைப் பெட்டிதான். வெந்தயத்தில் உள்ள ஹைட்ராக்ஸி ஐசோலியூசின் என்பதும் ஓர் அமினோ அமிலமே. சர்க்கரை மிகுந்திருக்கும்போது மட்டும் அது இன்சுலின் சுரப்பைக் கூட்டுவதாகச் சோதனைக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்தயத்தை மெல்லச் சொல்பவன் நானல்லன்.

என் மருத்துவர் டப்பாவைப் பார்க்கவே இல்லை, என் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியும் அளவைத்தான் பார்த்தார். சிறுநீரகம் தளரத் தொடங்கியவர்கள் புரதத் தூள் எதையும் கேட்காமல் தொடக்கூடாது என்று சொன்னவர், பருப்பையும் காயையும் சோற்றுக்கு முன்னால் சாப்பிடும்படி அறிவுறுத்தினார். 2015-ல் நியூயார்க்கில் மெட்ஃபார்மின் உண்ணும் 11 பேரிடம் இப்படி வரிசையை மாற்றிப் பார்த்தபோது, ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்ததாம்.

டப்பாவை மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது சுண்டலையும் பொரியலையும் தீர்த்த பிறகே சோற்றில் கை வைக்கிறேன். அதற்குள் ரசம் ஆறிப்போகிறதென்று என் மனைவி நாள்தோறும் குறைப்பட்டுக்கொள்கிறார்.