அப்பாவின் கட்டியும் 249-ஆம் இடமும்

அப்பாவுக்கு ஈரல் புற்றுநோய் என்று சொன்னபோது பயாப்சியே, அதாவது சதை எடுத்துப் பார்க்கும் சோதனையே, எடுக்கவில்லை. சிடி ஸ்கேனில் மருந்து ஏறியதும் கட்டி பளிச்சென்று தெரிந்து, சற்று நேரத்தில் சுற்றியிருக்கும் ஈரலைவிட மங்கிப்போனது. ஏற்கெனவே ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருப்பவருக்கு அதுவே போதுமாம். மூன்று மாதத்தில் கட்டி இரண்டு மடங்காகிவிட்டது. ‘ஜீன் டெஸ்ட் எடுத்தால் அதற்கேற்ற மருந்து கொடுப்பார்கள்’ என்று யாரோ சொல்ல, நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

டாக்டருக்கு இஷ்டமில்லை. “நுரையீரல் புற்று மாதிரி ஜீனைப் பார்த்து மருந்தை மாற்றுவது இதில் பெரும்பாலும் நடக்காது தம்பி” என்றார். நான் கேட்கவில்லை. பிளேட்லெட் குறைவு, ரத்தம் கசியலாம் என்று பயமுறுத்திவிட்டுத்தான் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து லேபிலிருந்து போன்: மாதிரி போதவில்லை. விசாரித்தால், ஆஸ்பத்திரியில் சில ஸ்லைடுகளை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்; சதையைப் பதித்த மெழுகு பிளாக் அங்கேயே அலமாரியில் கிடந்தது. யாராவது இந்த டெஸ்டுக்குப் போனால் முதலில் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். நல்லவேளையாக அப்பாவின் சிகிச்சை இதற்காகக் காத்திருக்கவில்லை. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் ரத்தக்குழாய்களில் வீக்கம் இல்லை என்று பார்த்துவிட்டு, அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளையும் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

ரிப்போர்ட் வந்தது. பன்னிரண்டு பக்கம், எங்களுக்கு வேண்டியது இரண்டே வரி. டெர்ட் என்ற ஜீனின் சுவிட்சில் ஒரு மாற்றம். வளர்ந்த மனிதரின் ஈரலில் ஏறக்குறைய தூங்கிக் கிடக்கும் ஜீன் அது. விழித்துக்கொண்டால் செல் ஓய்வில்லாமல் பெருகும். ஈரல் புற்றுகளில் பாதிக்கு மேல் இது உண்டாம். அடுத்தது டிபி53. பழுதான செல்லைப் பெருகவிடாமல் தடுக்கிற புரதத்துக்கான ஜீன். அந்தப் புரதத்தின் 249-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் என்ற வேறொன்று. டாக்டர் அங்கே நிறுத்தினார்.

“அப்பா என்ன தொழில்?”

திண்டிவனம் பக்கம் 30 வருஷமாக மணிலா, அதாவது நிலக்கடலை வியாபாரம். மூட்டையில் கைவிட்டு நாலு கொட்டையை வாயில் போட்டுத்தான் விலை சொல்வார். பூஞ்சை பிடித்ததை விற்க மாட்டார். ஆனால் வீணாக்கவும் மனசு வராமல் வறுத்து வீட்டுக்கு வைத்துக்கொள்வார். பூஞ்சையில் வரும் அஃப்ளடாக்சின் வறுத்தாலும் முழுக்கப் போகாதாம். அது விட்டுவிட்டுப் போகும் தடம்தான் இந்த 249. சீனாவின் சிதோங்கிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் நோயாளிகளின் கட்டிகளில் இதைக் கண்டு 1991-லேயே எழுதிவிட்டார்கள். “கடலைதான் காரணம் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் பி வைரஸும் இதுவும் சேர்ந்தால் மோசம்” என்றார்.

மருந்து மாறவில்லை. அவர் முதலிலேயே சொன்னதுதான்.

“இது எங்களுக்கும் வருமா?” என்றாள் அக்கா. இந்த மாற்றங்கள் கட்டிக்குள் உண்டானவை, பிள்ளைகளுக்கு இறங்காது. ஆனால் வைரஸ் வீட்டுக்குள் பரவும், எல்லோரும் சோதனைக்கு ரத்தம் கொடுங்கள் என்றார் டாக்டர். அம்மாவுக்கும் எனக்கும் இல்லை. அக்காவுக்கு இருந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். அவள் வீட்டுக்காரருக்கு மூன்று தவணைத் தடுப்பூசியில் இரண்டு முடிந்திருக்கிறது.

அப்பாவிடம் 249 பற்றிச் சொன்னேன். “அப்போ அந்த மூட்டையை என்ன பண்ணினீங்க?” என்றார். குப்பையில் கொட்டியதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.