உடுப்பு வரைந்தால் போதுமா?

வெளிநாட்டு காமிக்ஸைத் தமிழில் கொண்டுவரும் ஒரு பதிப்பகத்தில் பக்கம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். பாத்திரங்கள் பேசுவதை எழுதும் பலூனில் இருக்கும் ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தமிழைப் பொருத்துவது, 'டமார்', 'டுமீல்' எல்லாம் எழுதுவது, அப்புறம் டச்சப். டச்சப் என்றால் பெரும்பாலும் பெண்களுக்கு உடுப்பு வரைவதுதான். கழுத்து இறங்கியிருந்தால் ஏற்ற வேண்டும், தொடை தெரிந்தால் கறுப்பு அடித்து பேன்ட் ஆக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் எடுத்துப் படிக்கிற புத்தகம், அதனால் இந்த வழக்கம் தமிழில் ரொம்ப காலமாகவே உண்டு. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே படத்தைத் திரையில் பெரிதாக்கி மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தால், படிக்கும்போது கண்ணில் படாத பல விஷயங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் தெரிவது முதுகு. அமெரிக்க சூப்பர்ஹீரோ கதைகளில் சண்டைக்கு நடுவே நிற்கிற பெண்ணுக்கு மார்பும் பின்புறமும் ஒரே நேரத்தில் நம் பக்கம் திரும்பியிருக்கும். அப்படி நிற்க முதுகெலும்பு முறுகியாக வேண்டும், இடுப்பு இருக்கிற அகலத்துக்கு உள்ளே குடல் வைக்கவே இடம் இருக்காது. அவளுக்குக் கழுத்துவரை மூடிய சட்டை போட்டுக் கொடுத்தாலும் அந்த நிலை அப்படியேதான் இருக்கும். "ஏம்மா, ஹீரோவுக்கும்தானே இல்லாத தசையெல்லாம் வரையறான்?" என்று எங்கள் மூத்த ஓவியர் அண்ணன் கேட்பார். வரைகிறார்கள்தான். ஆனால் அந்த ஹீரோ காலை ஊன்றி, அடிக்கப் போகிற ஆளைப் பார்த்து நிற்கிறான், அவன் உடம்பு அவன் வேலைக்காக இருக்கிறது. அவள் உடம்பு படிக்கிறவருக்காகத் திரும்பி நிற்கிறது. 2012-இல் இணையத்தில் ஓவியர்கள் பலர் ஹாக்ஐ என்ற ஆண் பாத்திரத்தைப் பெண் பாத்திரங்களின் போஸிலேயே வரைந்து போட்டார்கள், பார்த்திருப்பீர்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அதையே வரையச் சொல்வேன். பாதி வரைவதற்குள் அவர்களுக்கே புரிந்துவிடும், நான் விளக்க வேண்டியதில்லை.

விதி போட்டு இதைச் சரிசெய்யவும் பார்த்திருக்கிறார்கள். 1954-இல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட காமிக்ஸ் கோடு என்ற நெறிமுறையில், பெண்களை எந்த உடல் அம்சத்தையும் மிகைப்படுத்தாமல் இயல்பாக வரைய வேண்டும் என்று தனியாக ஒரு விதியே இருந்தது. பிற்பாடு தளர்ந்துபோன அந்தக் கோடின் ஒப்புதல் முத்திரை பல அட்டைகளில் இருந்த காலத்தில்தான் 90-களின் குச்சி இடுப்பு நாயகிகள் வந்தார்கள். தோல் எவ்வளவு தெரிகிறது என்று அளந்துவிடலாம், பார்வை எங்கே போகிறது என்பதை எந்த அளவுகோலை வைத்து அளப்பது?

மாடஸ்டி பிளைசி என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் லயன் காமிக்ஸ் என்ற தமிழ் இதழ் தொடங்கியபோது முதல் இதழே அவர் கதைதான், 'கத்தி முனையில் மாடஸ்டி'. பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்து, 1963-இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் ஆரம்பித்த தொடர். ஹோல்டவே வரைந்த மாடஸ்டி ஓடினால் ஓடுகிற உடம்பாக இருப்பார், அடித்தால் தோளில் வலு தெரியும். திட்டம் போடுவதும் அவர்தான். அதே கதைகளில், மேலாடை இல்லாமல் அறைக்குள் நுழைந்து எதிரிகள் மலைத்து நிற்கிற விநாடிகளைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு தந்திரமும் அவருக்கு உண்டு. கதைப்படி அது அவருடைய ஆயுதம். ஆனால் அந்தக் காட்சி வாசகருக்காகவும்தான் யோசிக்கப்பட்டிருக்கிறது, இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை. இருந்தும் அவரை எனக்குப் பிடிக்கும், அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்பது அவர் கையில் இருப்பதால்.

எங்கள் வேலையிலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது, வெளியே யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் நாலு வார்த்தையில் அடங்குவது தமிழில் பெரும்பாலும் பலூனை மீறிப் போகும், பலூனைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் இழுப்பது? கதாநாயகன் நீளமாகப் பேசுகிறான், பக்கத்தில் கதாநாயகி நிற்கிறாள் என்றால் கை தானாக அவள் பக்கம்தான் போகும். முகத்தில் பாதி பலூனுக்கு அடியில் போய்விடும், இடுப்பு மட்டும் மிஞ்சும். மூலக் கதையின் ஓவியர் அவள் முகத்தில் ஒரு சந்தேகத்தையோ கோபத்தையோ வரைந்திருப்பார், கதையில் அவள் மனசு தெரிகிற ஒரே கட்டம் அதுவாகக்கூட இருக்கும். கழுத்து இறக்கத்தைச் சரிபார்க்க இத்தனை கண்கள் இருக்கும் இடத்தில், இதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? இப்போது பெண் முகத்தின் மேல் பலூன் வந்தால் மொழிபெயர்ப்பாளரிடமே போய், "சார், ஒரு வரி குறைச்சுத் தாங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறேன். பெரும்பாலும் குறைத்துத் தருகிறார்.

அட்டைப்படத்தில்தான் இன்னும் இழுபறி. கதாநாயகி ஏதாவது செய்துகொண்டிருக்கிற படமாக, கயிற்றில் தொங்குவதோ வண்டி ஓட்டுவதோ, ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போய் வைக்கிறேன். போன முறை ஏற்றுக்கொண்டார்கள். இந்த மாத அட்டைக்கு இன்னும் பேச்சு முடியவில்லை.