‘கடத்தலா?’ என்று எழுதிய இரவு

இரவு ஷிப்டில் பத்தரை மணிக்கு மேல் அலுவலகம் ரெண்டு ஆள், ஒரு ஏசி, ஒரு பெரிய திரை என்று சுருங்கிவிடும். எந்தச் செய்தியை இந்த நிமிஷம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அந்தத் திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். இணையச் செய்தி டெஸ்கில் குப்பை கொட்டுகிற எங்களுக்கு அதுதான் கடிகாரம், அதுதான் காய்ச்சல் மானி.

2022 கோடையில் ஒரு நாள். எண் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டுத் தம்பி வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. போனை என் பக்கம் நீட்டினான்.

“அக்கா, இதப் பாருங்க. மூணு குரூப்ல வந்துருச்சு.”

சிசிடிவி காட்சி. முப்பத்திரண்டு விநாடி. திண்டுக்கல் பக்கம் ஏதோ ஒரு தெரு. சாயங்கால வெயில். நூல் சேலை கட்டின ஒரு பாட்டி சுவரோரமாக நடந்து வருகிறார். வெள்ளை ஆம்னி வேன் ஒன்று வந்து நிற்கிறது. பாட்டி வேனுக்குப் பின்னால் மறைகிறார். வேன் கிளம்புகிறது. சுவர் இருக்கிறது, பாட்டி இல்லை. கீழே, ‘பட்டப்பகலில் வயதான அம்மாவைக் கடத்திட்டாங்க, எல்லாக் குரூப்புக்கும் அனுப்புங்க’.

மாவட்ட நிருபரைக் கூப்பிட்டேன். தூக்கக் குரலில் பேசினார்.

“யக்கா, ஸ்டேஷன்ல உமன் மிஸ்ஸிங்னு கேஸ் போட்டிருக்காங்க. எழுபது வயசுக்கு மேல. அந்தம்மாவுக்கு மறதி உண்டுன்னு மகன் எழுதிக் குடுத்திருக்காரு. போலீஸ் பஸ் ஸ்டாண்டு பக்கந்தேன் தேடுறாங்க. கடத்தலெல்லாம் யாரும் சொல்லலக்கா.”

கடைசி வாக்கியத்தை நான் கேட்கத்தான் செய்தேன். ஆனால் இதற்குள் இன்னொரு தளத்தில் செய்தி வந்துவிட்டது. தம்பி அதையும் காட்டினான். ஐந்தே நிமிஷத்தில் நான் எழுதிய தலைப்பு: ‘தெருவில் நடந்து சென்ற மூதாட்டி மாயம்... வேனில் கடத்தலா? பகீர் சிசிடிவி காட்சி!’

‘மூதாட்டி’ என்று நாங்கள் யாரும் வீட்டில் பேசுவதில்லை. அது செய்திக்குள் மட்டும் உயிர் வாழ்கிற சொல். ‘மாயம்’ அதன் கூடப்பிறந்தது. வீட்டு மனிதர்கள் தொலைந்துபோவார்கள், செய்தியில் மாயமாவார்கள். ‘பகீர்’ பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அது எங்கள் கடையின் உப்பு. ஆனால் வேலை செய்ததெல்லாம் அந்த ‘ஆ’தான். கடத்தல் என்று எழுதினால் ஆதாரம் வேண்டும், எந்தப் பிரிவில் வழக்கு என்று கேட்பார்கள், வக்கீல் நோட்டீஸ் வரும். கடத்தலா என்று ஒரு நெடிலைச் சேர்த்துவிட்டால் பொறுப்பு முழுக்கப் படிக்கிறவர் தலையில். நாங்கள் கேட்டோம், அவ்வளவுதான்.

அச்சுப் பத்திரிகையில் என்னுடைய முதல் சீஃப் சப் (தலைமைத் துணையாசிரியர்) இப்படிப்பட்ட தலைப்பைப் பார்த்தால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். “தெரிஞ்சா எழுது. தெரியலைன்னா விசாரி. காசு குடுத்து பேப்பர் வாங்குறவன்கிட்ட ஏம்மா நீ கேள்வி கேக்குற?” இணையத்துக்கு வந்தபோது அவரைப் பழைய காலத்து மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு என்ன, அவர் திரையில் எண் ஓடவில்லை.

தம்ப்நெயில், அதாவது செய்திக்கு முகப்பாக வைக்கிற சின்னப் படம், தம்பி செய்தான். வீடியோவில் ஒரு ஃபிரேமை நிறுத்தி, வேனைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வட்டம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வேனுக்குப் பக்கத்து வீட்டுக் கேட்டில் நைட்டியும் தோளில் துண்டுமாக, கையில் பக்கெட்டோடு நின்ற ஒரு பெண்ணும் அதற்குள் வந்துவிட்டாள். நான் பார்த்தேன். திருத்தச் சொல்லவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

வாசகர்கள் போனுக்கெல்லாம் புஷ் அறிவிப்பு போனது. எண் ஏறியது.

பிறகு நடந்ததை ஒரு மணி நேரக் கணக்காகவே சொல்லலாம். முதல் ஒரு மணி நேரம் குற்றவாளி வடமாநிலத்தவர். வேனை யாரோ பழனி ரோட்டில் பார்த்தார்கள், யாரோ ஒட்டன்சத்திரம் சந்தையில் பார்த்தார்கள். அடுத்த ஒரு மணி நேரம் கிட்னி திருடும் கும்பல். எழுபது தாண்டிய, மறதி உள்ள கிழவியின் கிட்னியை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நள்ளிரவு தாண்டியபோது விசாரணை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. சொத்துத் தகராறு. மகன். கடைசியில், நம் ஊரில் எந்த வழக்கும் வந்து சேர்கிற இடத்துக்கே வந்து சேர்ந்தது: மருமகள். எங்கள் சிவப்பு வட்டத்தைப் பெரிதாக்கி ஒருவர் போட்டார். ‘மாமியாரை வண்டில ஏத்துறாங்க, இவ பக்கெட்டோட வேடிக்கை பாக்குறா.’ அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பக்கெட் சாட்சியாகிவிட்டது.

ஒரு மணிக்குக் கிளம்பும்போது தம்பி உற்சாகமாக இருந்தான். அன்றைய தினத்தில் எங்களுடையதுதான் முதல் இடம். எனக்கு அத்திமூர் ஞாபகம் வந்தது.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போகிறது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் காரில் இருக்கிறார்கள். வழி விசாரிக்க நிறுத்திய இடத்தில் 65 வயது அம்மாள் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று பேச்சு கிளம்புகிறது. துரத்திப்போய் அடித்தார்கள். அந்த அம்மாள் செத்துப்போனார். கூட இருந்தவர்கள் குற்றுயிராகப் பிழைத்தார்கள். அதே நாள் பழவேற்காட்டில், வீடு வாசல் இல்லாமல் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வேலூர் மாவட்டத்தில் இந்தி பேசிய ஓர் ஆள் இதே மாதிரி செத்திருந்தார்.

அடித்ததை அடித்தவர்களே போனில் எடுத்திருந்தார்கள். அந்த வீடியோவுக்கு முகம் மறைக்கும் வேலை அன்றைக்கு என்னுடையது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி மறைக்க வேண்டும். அந்த அம்மாளின் முகத்தை மறைக்க மறைக்க, சுற்றி நின்றவர்களின் முகம் தெளிவாகிக்கொண்டே வந்தது. வெறி பிடித்த முகங்கள் இல்லை. கவலையான முகங்கள். நம் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியவர்கள்.

அந்த மாதங்களில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. அது பாகிஸ்தானில் கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அட்டை காட்டுகிற கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். பொய் சொல்ல எதையும் சேர்க்க வேண்டியதில்லை, வாலை நறுக்கினால் போதும். அந்த ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் ஒரே நாளில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் ‘ஃபார்வர்டட்’ முத்திரை போட்டது, இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து அரட்டைக்கு மேல் அனுப்ப முடியாது என்றது.

இதெல்லாம் ஊரறிந்தது. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த ஏப்ரலில் எங்கள் தளத்தில் ஒரு குட்டிச் செய்தி போனது. ‘குழந்தை கடத்தும் கும்பல் நடமாட்டமா? பொதுமக்கள் பீதி.’ அன்றைக்கும் ‘ஆ’ போட்டது நான்தான். அத்திமூரில் நின்றவர்கள் எங்கள் தளத்தைப் படித்துவிட்டு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அப்படி ஒரு தளம் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வட்டாரக் குரூப்புகளில் அப்போது ‘நியூஸ்லயே வந்துருச்சு’ என்று ஒரு வரி சுற்றியது. எந்த நியூஸ் என்று யாரும் எழுதவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

திண்டுக்கல் பாட்டிக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலையில் கிடைத்துவிட்டார். வேன், கேஸ் அடுப்பு ரிப்பேர்காரருடையது. ஒரு வீட்டில் பர்னர் மாற்ற வந்தவர், ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறார். பாட்டி வேனுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் திரும்பி, பஸ் ஸ்டாண்டு போய், டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கண்டக்டர் கேள்வி கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ். பையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் பிறந்த ஊர் வரைக்கும் போய், எப்போதோ செத்துப்போன அண்ணன் வீட்டைக் கேட்டுக்கொண்டு ஒரு டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

டீக்கடைக்காரர் அவரை அடையாளம் கண்டது போனில் வந்த படத்தைப் பார்த்துத்தான். “பாத்தீங்களாக்கா, ஷேர் ஆனதாலதானே கெடைச்சாங்க?” என்றான் தம்பி. நியாயமான கேள்வி. விசாரித்தேன். டீக்கடைக்காரர் பார்த்தது எங்கள் வீடியோவை இல்லை. அதில் பாட்டியின் முகமே தெரியாது. மகன் போட்ட ‘காணவில்லை’ அறிவிப்பு: ரேஷன் கார்டில் இருந்து வெட்டிய முகம், உயரம், மாநிறம், பச்சை நூல் சேலை, இடது கன்னத்தில் மச்சம், ஒரு போன் நம்பர். இத்தனை வருஷமாகத் தலைப்பு எழுதுகிறேன், அந்த அறிவிப்பு மாதிரி ஒரு வரி கச்சிதமாக எழுதியதில்லை. ஏன் போனார், யார் காரணம் என்று அதில் ஒரு சொல் கிடையாது.

‘மூதாட்டி வீடு திரும்பினார்’ என்றும் ஒரு செய்தி போட்டோம். முதல் செய்தியைப் படித்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு வரவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து, 2024 ஜூலையில், வெளிநாட்டுச் செய்திகளில் ஒன்று வந்தது. லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ஒரு பண்ணையைப் போலீஸ் மறுபடி தோண்டுகிறது என்று. 1969 டிசம்பர் 29 அன்று விம்பிள்டனில் தன் வீட்டிலிருந்து கடத்தப்பட்ட மியூரியல் மெக்கே என்ற 55 வயதுப் பெண்ணின் உடலைத் தேடி. கடத்திய ஹொசைன் சகோதரர்கள் குறிவைத்தது பத்திரிகை முதலாளி ரூப்பர்ட் மர்டாக்கின் மனைவியை. மர்டாக் ஊருக்குப் போயிருந்த நேரம், அவருடைய ரோல்ஸ் ராய்ஸ் காரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர் அவருக்குக் கீழே இருந்த மியூரியலின் கணவர். காரைப் பின்தொடர்ந்தவர்கள் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பத்து லட்சம் பவுண்டு கேட்டார்கள். பத்திரிகைக்கு விளம்பரம் தேட நடக்கிற நாடகமோ என்று போலீஸுக்கே முதலில் சந்தேகம் இருந்திருக்கிறது. குறி சொல்கிறவர்கள் வந்தார்கள். பொய்ப் போன்கள் குவிந்தன. 1970இல் தண்டனை ஆனது, உடல் இன்றுவரை இல்லை. 2022இல் தோண்டியும் கிடைக்கவில்லை, 2024இலும் கிடைக்கவில்லை.

அந்தச் செய்தியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. போனே வீட்டுக்கு ஒன்றுதான் என்றிருந்த காலத்திலும் கூட்டம் இதே வரிசையில்தான் வந்திருக்கிறது: வீட்டு ஆள் மேல் கண், பிறகு ஜோசியர், பிறகு விளையாட்டுக்குப் போன் அடிக்கிறவன். இவர்களை வாட்ஸ்அப் பெற்றுப்போடவில்லை, பஸ் ஏற்றிவிட்டது. இத்தனைக்கும் அந்த வழக்கில் கடத்தல் உண்மை.

திண்டுக்கல் செய்தி வந்த நாலாம் நாள் டெஸ்க் நம்பருக்கு ஒரு போன் வந்தது என்று சொல்ல விட்டுவிட்டேன்.

“மேடம், அந்த வட்டத்துக்குள்ள பக்கெட்டோட நிக்கிறது நாந்தேன். நான் அந்தம்மாவுக்கு மருமக இல்ல. பக்கத்து வீடு.”

மன்னிப்புக் கேட்டேன். உடனே படத்தை எடுத்தேன், தலைப்பை மாற்றினேன், ‘ஆ’வை நீக்கினேன். ஆனால் லிங்க் என்று ஒன்று உண்டு. முதலில் வைத்த தலைப்பின் சொற்கள் ஆங்கில எழுத்தில் அதிலேயே தங்கிவிடும். அதை மாற்றினால் பகிர்ந்த இடத்திலெல்லாம் செய்தி திறக்காது என்பதால் டெக் டீம் தொட மாட்டார்கள். புஷ் போனதையும் திரும்ப வாங்க முடியாது. மூன்று மாதம் கழித்து அதே குரல்.

“எங்க தெரு பேரப் போட்டுத் தேடுனா இன்னும் நாந்தேன் மேடம் வர்றேன். எம்புள்ள ஸ்கூல்ல காட்டிக் காட்டிச் சிரிக்குதுக.”

டெக் டீமோடு சண்டை போட்டு அந்தப் பக்கத்தையே தூக்கவைத்தேன். தூக்கியாயிற்று என்று சொல்ல நானே அவரைக் கூப்பிட்டேன். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிதானமாக, தண்ணீர் பிடிக்கிற சத்தம் பின்னால் கேட்க, ஒன்றுதான் சொன்னார்.

“கடத்தலான்னு கேட்டு எழுதியிருந்தீகளே மேடம், எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அந்தம்மா சந்துக்குள்ள திரும்புனத நான் பாத்தேன். போலீசுக்கு அன்னைக்கே சொல்லிட்டேன்.”