நிற்கத் தெரியாத லூப்

சி புரோகிராமிங் லேபில், ஒரே வேலையைச் சொன்ன தடவை திரும்பச் செய்யும் ஃபார் லூப்பைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. ஏழாம் வாய்ப்பாடு போடச் சொன்னால் மளமளவென்று போட்டுவிடுவார்கள். எத்தனை சுற்று என்பது எழுதுகிறவர் கையிலேயே இருக்கிறது. "போதும் என்று சொல்கிறவரை மார்க்குகளை வாங்கி சராசரி காட்டு" என்று கணக்கை மாற்றினால்தான் லேப் அமைதியாகும். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் நான் ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்ப்பது இது.

"போதும்" என்பதற்கு எல்லோரும் வைக்கிற அடையாளம் -1. உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப்பை, நிபந்தனை சரியாக இருக்கிறவரை சுற்றும் வைல் லூப்புக்குள் முதல் வரியாக வைத்து, வாங்கியதைப் பார்க்காமலேயே கூட்டிவிடுவார்கள். 80, 90 கொடுத்து -1 அடித்தால் கூட்டல் 169, எண்ணிக்கை 3, சராசரி 56. ஒரு தடவை லூப்புக்கு வெளியே வாங்கி, உள்ளே கூட்டிவிட்டு, கடைசி வரியில் அடுத்ததை வாங்கினால் சரியாகிவிடும். "மார்க்குக்கு -1 சரி சார், லடாக் டெம்பரேச்சருக்கு என்ன வைக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். அந்த வாரம் முழுக்க அதைவிட நல்ல கேள்வி வரவில்லை.

உண்மையான கூத்து எண் கேட்கிற இடத்தில் எழுத்தை அடிக்கும்போதுதான். "என்டர் மார்க்" என்ற வரி திரை முழுக்க அருவி மாதிரி கொட்டும், கண்ட்ரோல்-சி அழுத்தினால்தான் நிற்கும். பிள்ளைகள் லூப்பின் நிபந்தனையைத்தான் சந்தேகப்படுவார்கள். நிபந்தனையில் குற்றமில்லை. எண்ணைத் தேடிய ஸ்கேன்எஃப் எழுத்தைக் கண்டதும் அதைத் தொடாமல், அடித்தது காத்துக்கிடக்கும் பஃபரிலேயே விட்டுத் திரும்பிவிடுகிறது. அடுத்த சுற்றிலும் முன்னால் நிற்பது அதே எழுத்து. மார்க்கை வைக்கும் மாறியில் பழைய மதிப்பே கிடப்பதால் -1 வரப்போவதே இல்லை.

எத்தனை மதிப்புகளை வாங்கினேன் என்று ஸ்கேன்எஃப் ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்கிறது. ஒன்று கேட்டு ஒன்று கிடைத்தால் 1, எழுத்து குறுக்கிட்டால் 0, உள்ளீடே தீர்ந்துபோனால் இஓஎஃப் என்ற முடிவு அடையாளம். அந்தப் பதிலை வாங்கிப் பார்க்க முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பல ரெக்கார்ட் நோட்டுகளில் இது கண்ணிலேயே படாது. மாறாக, சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்கு வழிவழியாக வருவது, பஃபரைத் துடைக்கும் என்று நம்பிப் போடும் எஃப்ஃபிளஷ் எஸ்டிடிஇன். பழைய டர்போ சி கம்பைலர் காலத்தில் அது பலித்தது. ஆனால் உள்ளீட்டு ஸ்ட்ரீமில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று சி தரநிலை வரையறுக்கவே இல்லை. எங்கள் லினக்ஸ் லேபில் போட்டால் விசைப்பலகையிலிருந்து வந்து கிடப்பது அப்படியே கிடக்கும். (1988-இல் மாரிஸ் வார்ம் என்ற கணினிப் புழு புகுந்த ஓட்டைகளில் ஒன்று, ஒரு வரியை அளவு பார்க்காமல் வாங்கும் கெட்ஸ். 2011 தரநிலை அதைத் தூக்கியே விட்டது. நோட்டுகள் இன்னும் தூக்கவில்லை.)

தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சரியான எண்களாகப் பார்த்து அடித்து, விடை வந்ததும் மார்க் போட்டுவிட்டுப் போவார். அதனால் மாடல் தேர்வில் நான் வேண்டுமென்றே எழுத்தை அடிப்பேன். போன பேட்ச்சில் ஒரு மாணவி அதற்குத் தயாராக இருந்தாள். ஸ்கேன்எஃப் 1 தராவிட்டால், வரி முடிகிறவரை, ஒவ்வொரு எழுத்தாக வாங்கும் கெட்கேர் போட்டு குப்பையை எல்லாம் வாரிவிட்டு மறுபடி கேட்டது அவள் புரோகிராம். அழகாக எழுதியிருந்தாள். உள்ளீடு முடிந்தது என்று சொல்லும் கண்ட்ரோல்-டி அழுத்தினேன். இந்த முறை திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. வராத வரிமுடிவைத் தேடி உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"யார் சார் அதையெல்லாம் அழுத்துவாங்க?" என்றாள் கடுப்பாக.

"யாரும் அழுத்த வேண்டாம்மா. மார்க்கை ஃபைலில் போட்டு, -1 இல்லாமல் அதையே உள்ளீடாகக் கொடுத்துப் பார்."

கொடுத்தாள். கடைசி மார்க்கைத் தாண்டியதும் மறுபடி அதே கதி. கெட்கேர் தருவதை முழு எண்ணுக்கான ஒரு இன்ட் மாறியில் வாங்கி, வரிமுடிவோடு இஓஎஃப்பையும் சோதித்தாள். "ஏன் இன்ட், ஏன் கேர் இல்லை?" என்று கேட்டேன். இஓஎஃப்புக்கு எல்லா எழுத்துகளுக்கும் வெளியே ஒரு மதிப்பு வேண்டுமே, ஓர் எழுத்து மட்டும் பிடிக்கும் கேரில் அதற்கு இடமேது என்றாள்.