மூக்கை விடு, வாலைப் பார்

போர்விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கும் குண்டைப் படத்தில் பார்த்து, அது என்ன வகை என்று சொல்லப் பழகிவருகிறேன். 72-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் விமானங்கள் ஒட்டுவது என் பழைய பொழுதுபோக்கு. அந்தந்த விமானத்துக்கு உரிய குண்டைத்தான் மாட்டுவேன் என்ற பிடிவாதம் வந்தபின், ஒட்டும் நேரத்தைவிடப் படம் பார்க்கும் நேரம் அதிகமாகிவிட்டது. குன்னூர் ஐப்பசி மழைக்கு அது தோதாகவும் இருக்கிறது. அந்த ஈரத்தில் பெயின்ட் லேசில் காயாது.

நிறம் ஓரளவுக்குத்தான் உதவுகிறது. அமெரிக்கக் குண்டில் மூக்கருகே மஞ்சள் பட்டை இருந்தால் உள்ளே வெடிமருந்து உண்டு. உடல் முழுக்க நீலமென்றால் பயிற்சிக் குண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் இது செல்லாது. விமானப்படையின் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வழி சொன்னார்: "மூக்கை விடு தம்பி, வாலைப் பார்."

அமெரிக்க மார்க் 82-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 500 பவுண்டு, ஒல்லியான உடல். சாதாரண வால் என்றால் உயரத்திலிருந்து போடுவது. வாலில் நான்கு நீளத் தகடுகள் உடலை ஒட்டி மடங்கியிருந்தால் அது ஸ்நேக்ஐ. தாழப் பறந்து குண்டு போட்டால், அது விமானத்தின் வேகத்திலேயே கூடவே வந்து அடியில் வெடித்து, போட்டவரையே பதம் பார்த்துவிடும். அதனால் விழும்போது தகடுகள் குறுக்காக விரிந்து வேகத்தைக் குறைக்கின்றன. அதற்குள் விமானம் தப்பிவிடும். ஆக, விமானி எவ்வளவு தாழ்வாகப் பறக்கப்போகிறார் என்பதையும் வாலே சொல்லிவிடுகிறது.

எனக்குத் தலைவலி கொடுத்தது 82-க்கும் 1,000 பவுண்டு மார்க் 83-க்கும் உள்ள வித்தியாசம். உடல்வாகு ஒன்றேதான். தீர்வு முதுகில் இருக்கிறது. தொங்கவிடுவதற்கான இரண்டு வளையங்கள் இரண்டிலும் 14 அங்குல இடைவெளியில்தான் இருக்கும். 83-இன் விட்டமும் ஏறத்தாழ 14 அங்குலம். 82-க்கு 11 அங்குலம்கூட இல்லை. எனவே வளைய இடைவெளி உடல் தடிமனுக்குச் சமமாகத் தெரிந்தால் 83, அதைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் 82. விமானத்தில் மாட்டியபின் வளையம் மறைந்துவிடும் என்பதால், தரையில் தள்ளுவண்டியில் கிடக்கும் படங்களைத் தேடுகிறேன். என் மாதிரிகளில் அந்த இடைவெளி 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெர்னியர் வைத்து அளந்தால், பெட்டியோடு வரும் குண்டுகளில் சில எந்த வகையிலும் சேராமல் நிற்கின்றன. காசு கொடுத்து வாங்கியவனுக்கு எரிச்சல் வராதா?

ரஷ்யக் குண்டுகள் சுலபம். ஃபாப்-250 போன்ற பெயரில் வரும் எண், ஏறத்தாழ எத்தனை கிலோ என்பது. 1954 மாதிரி குட்டையாக, மொண்ணை மூக்கைச் சுற்றி ஒரு வளையத்தோடு இருக்கும். 1962 மாதிரி ஒல்லி. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் 4,000 பவுண்டு 'குக்கி' அதைவிடச் சுலபம்: துடுப்பே இல்லாத தார் டிரம்.

இலக்கை நோக்கித் தானே திரும்பிச் செல்லும் வழிகாட்டிக் குண்டுகளில் மட்டும் மூக்குக்கும் மதிப்பு உண்டு. 1999 கார்கில் போரில் நம் மிராஜ் 2000 விமானங்கள் டைகர் ஹில் மீது போட்ட, லேசர் வழிகாட்டும் குண்டின் மூக்கில், காற்றோட்டத்துக்கேற்பத் திரும்பும் சிறு தலை ஒன்று இருக்கும். செயற்கைக்கோள் வழிகாட்டும் ஜேடாமுக்கு அந்தத் தலை கிடையாது. இடுப்பில் ஒட்டிய நீள விளிம்புகளைப் பார்க்க வேண்டும். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது!" என்று ஒதுக்கிவிட்டார்.

இப்போது நேப்பாம் என்ற தீப்பற்றும் கூழை நிரப்பிப் போடும் கலன்களில் இறங்கியிருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு வாலும் இல்லை, தனித்த மூக்கும் இல்லை. இறக்கையடியில் தொங்கும் எரிபொருள் தொட்டியோடு குழம்பாமல் பிரிக்க, ஒரே விமானத்தைப் பல கோணங்களில் எடுத்த படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.